தூரதேசத்துப் பழைய நகரத்தை முதன்முறையாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று கேரள எல்லையையொட்டி வாழும் தமிழ்க் குடும்பங்களில் யாராவது ஒருவர் கடல் கடந்து போகாத வீடு குறைவு. அவர்களில் பெரும்பாலோர் வேலைக்காகப் போனவர்கள். தங்கிய அறையும் வேலை பார்த்த இடமும் வெள்ளிக்கிழமைச் சந்தையும் தவிர அந்த நாட்டில் வேறு எதையும் பார்க்க அவர்களுக்கு நேரமோ பணமோ இருந்ததில்லை. பார்ப்பதற்காகவே ஒரு நாட்டுக்குப் போக வேண்டும், அங்கே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனிதர்கள் விட்டுப் போகாமல் வாழும் ஒரு நகரத்தில் நடக்க வேண்டும் என்ற விருப்பம் நம் பக்கத்தில் இப்போதுதான் பரவலாகத் தலையெடுக்கிறது. ஓய்வு பெற்ற ஆசிரியர்களும், பிள்ளைகளைப் படிக்க வைத்து முடித்த தம்பதியரும், சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த இளைஞர்களும் என்னிடம் வந்து எந்த நகரத்துக்குப் போவது, எப்படிப் போவது, போய் என்ன பார்ப்பது என்று கேட்கிறார்கள். ரோம், இஸ்தான்புல், கெய்ரோ, சமர்க்கந்து, புகாரா ஆகிய நகரங்களில் நடந்தும் எழுதியும் நான் அறிந்துகொண்டவற்றை அவர்களுக்காக இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன்.

ஒரு நகரத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதற்படி, ஒரே ஒரு நகரத்தைத் தேர்ந்தெடுப்பது. பத்து நாளில் ஏழு நாடு என்று விளம்பரம் செய்யும் சுற்றுலாத் திட்டங்களில் சேர்ந்தவர்கள், பேருந்து சன்னலும் உணவகமும் நினைவில் இருக்க, நகரங்களின் பெயர் ஒன்றோடொன்று குழம்பித் திரும்புவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். பழைய நகரம் என்பது அடுக்கடுக்காகக் கட்டப்பட்டது. மேலடுக்கைக் கடந்து அடியில் இருப்பதைக் கண் தேடத் தொடங்குவதற்கே இரண்டு மூன்று நாட்கள் பிடிக்கும். ஆகவே ஒரு நகரத்துக்குக் குறைந்தது ஐந்து நாட்களாவது ஒதுக்குங்கள். பணம் ஐந்து நாளுக்குத்தான் இருக்கிறது என்றால் இரண்டாவது நகரத்தை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

எந்த நகரம் என்ற கேள்விக்கு என் பதில், உங்கள் ஊரோடு ஏதாவது ஒரு கண்ணியால் பிணைக்கப்பட்ட நகரம் என்பதாகும். நமக்கு அந்தக் கண்ணியைத் தேடி அலைய வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் நீண்ட சுவரில் நமக்கு வாய்த்திருக்கும் அகன்ற இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். முசிறித் துறைமுகத்துக்கும் கொங்கு நாட்டுக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சரக்கு நடந்த பாதை அது. கோவைக்கு அருகே வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. முசிறியில் ஏற்றிய சரக்குக்காக எழுதப்பட்ட கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் கடன் ஒப்பந்தம் ஒன்று பாப்பிரஸ் தாளில் வியன்னாவில் பாதுகாக்கப்படுகிறது. எகிப்தின் செங்கடல் கரையில் உள்ள பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தில் ஏழு கிலோவுக்கு மேல் மிளகு வைத்த இந்தியச் சாடி ஒன்றைத் தோண்டியெடுத்தார்கள். அதே கரையின் குசைர் அல் கதீமில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. ரோம் நகரத்து ஃபோரம் என்ற பழைய பொதுச் சதுக்கத்தில் மாக்சென்டியஸ் பசிலிக்கா என்ற பெருமண்டபம் நிற்கும் இடத்தில் அதற்கு முன் இருந்தவை மிளகுக் கிடங்குகள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து போகிறவர் அந்த இடத்தில் நிற்கும்போது, தம் வீட்டு வாசலைக் கடந்து போன சரக்கு வந்து இறங்கிய இடத்தில் நிற்கிறார் என்பது வெறும் கற்பனை இல்லை. இந்த உறவை அறிந்துகொண்டு போனால் ரோமும் கெய்ரோவும் அந்நியமாகத் தோன்றுவதில்லை.

பருவத்தையும் பாருங்கள். ரோமில் சூலை, ஆகஸ்டு மாதங்களில் வெயிலும் கூட்டமும் சேர்ந்து வாட்டும். கெய்ரோவுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்றது. சமர்க்கந்துக்கும் இஸ்தான்புலுக்கும் ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் இதமானவை. சமர்க்கந்தின் சனவரிக் குளிர் பூச்சியத்துக்குக் கீழே இறங்கும். பாலக்காட்டு மார்ச்சு வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அதை முதல் பயணத்திலேயே பழக்க வேண்டாம்.

பெயரும் காகிதங்களும்

எல்லையோரத்தில் வாழும் நமக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, அதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தவரின் சான்றிதழில் முன்னெழுத்து பெயருக்கு முன்னால் வரும்; கேரளப் பள்ளியில் படித்தவருக்குப் பெயருக்குப் பின்னால் வரும். கே. வேலுச்சாமி ஒரு காகிதத்திலும் வேலுச்சாமி கே. இன்னொரு காகிதத்திலும் இருக்க, ஆதாரில் வேலுசாமி என்று ஓர் எழுத்துக் குறைந்து கிடக்கும் குடும்பங்களை நான் அறிவேன். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பே ஆதார், வாக்காளர் அட்டை, பள்ளிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு ஆகிய அனைத்திலும் ஒரே எழுத்தமைப்பு இருக்கும்படி அக்‌ஷயா இணையச் சேவை மையத்தில் உட்கார்ந்து திருத்திக்கொள்ளுங்கள். முன்னெழுத்தை விரித்து, தந்தையின் பெயரையோ குடும்பப் பெயரையோ முழுமையாகக் குடும்பப் பெயருக்கான இடத்தில் எழுதுங்கள். அந்த இடத்தை வெற்றாக விடாதீர்கள். ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள கடவுச்சீட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது நம்மவர்கள் பலரை விமான நிலையத்தில் தவிக்க வைத்தது. விமானச் சீட்டிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும்.

விசா நாட்டுக்கு நாடு மாறும். இத்தாலி உள்ளிட்ட 29 ஐரோப்பிய நாடுகளுக்கு ஷெங்கன் விசா ஒன்றே போதும். அதில் 180 நாட்களுக்குள் அதிகபட்சம் 90 நாட்கள் தங்கலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாட்களுக்குக் குறைவாக இருக்கும்போது விண்ணப்பிக்கக் கூடாது. அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டும், குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் அதற்குத் தேவை. வங்கிக் கணக்கில் கடைசி நேரத்தில் பெருந்தொகையைக் கொண்டுவந்து போடுவதைவிட, ஆறு மாதம் சீராக வரவு செலவு நடந்திருப்பதையே அதிகாரிகள் மதிக்கிறார்கள். சமர்க்கந்தும் புகாராவும் இருக்கும் உஸ்பெகிஸ்தான் இந்தியர்களுக்கு இணையம் வழியாகவே விசா தருகிறது என்பதால் முதன்முறை போகிறவர்களுக்கு அது எளிய நாடு. செல்லுபடியாகும் அமெரிக்க, பிரிட்டன், ஷெங்கன் விசாக்களில் ஒன்று கையில் இருப்பவருக்குத் துருக்கி இணைய விசா தருகிறது. மற்றவர்கள் முறையாக விண்ணப்பித்துக் கடவுச்சீட்டில் ஒட்டும் விசாவைப் பெற வேண்டும். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. எனவே முகவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டாலும் அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தில் நீங்களே ஒரு முறை படித்துப் பாருங்கள்.

விமானத்துக்குக் கொச்சியின் நெடும்பாசேரி, கோவை இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கோவை நமக்கு அருகில் இருக்கிறது. நெடும்பாசேரியில் வளைகுடா வழியாகப் போகும் விமானங்கள் அதிகம். வளைகுடாவில் உறவினர் இருந்தால், அங்கே ஓரிரு நாள் தங்கிப் போகும்படி சீட்டு எடுப்பது செலவையும் களைப்பையும் குறைக்கும்.

புறப்படும் முன் உள்ளூரில் பழகுங்கள்

இந்தப் படியைப் பெரும்பாலோர் தாண்டிவிடுகிறார்கள். எனக்கோ இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. பழைய நகரத்தைப் பார்க்கும் கண் விமானத்தில் ஏறியதும் தானாக வந்துவிடாது; அதை வீட்டருகே பழக்க வேண்டும். ஒரு காலைப்பொழுது பாலக்காட்டுக் கோட்டைக்குப் போங்கள். ஹைதர் அலி 1766-இல் கட்டியெழுப்பிய கோட்டை அது. 1790-இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. உள்ளே போகாமல் முதலில் அகழியைச் சுற்றி நடங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மதில் ஏன் இந்த இடத்தில் திரும்புகிறது, வாயில் எந்தத் திசையைப் பார்க்கிறது, சந்தை கோட்டையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே நடந்து, கண்டதை ஒரு பக்கம் எழுதுங்கள். பிறகு கல்பாத்திக்குப் போய், ஆற்றை நோக்கி அக்கிரகாரம் எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று வாரம் இப்படிப் பழகியவருக்கு இஸ்தான்புல் மதிலைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்விகள் தாமாக எழும்.

கெய்ரோவுக்குப் போகிறவர்கள் வளைகுடாவிலிருந்து திரும்பிய அண்ணன்மார்களிடம் உட்கார்ந்து பத்து இருபது அரபுச் சொற்களையும் அரபு எண்களையும் கற்றுக்கொள்ளுங்கள். பேருந்து எண்ணையும் விலைச்சீட்டையும் படிக்கத் தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமும் பேசி வளர்ந்தவர்களுக்கு மூன்றாவது மொழியில் வணக்கமும் நன்றியும் சொல்வது பெரிய காரியம் அன்று.

முதல் நாள்

முதல் நாளில் எந்த நுழைவுச்சீட்டும் வாங்காதீர்கள். அறையில் பையை வைத்துவிட்டு, குளித்து, நேரம் எதுவானாலும் அந்த ஊர்க்காரர்கள் உண்ணும் நேரத்தில் உண்டு, அதன் பிறகு தங்குமிடத்தைச் சுற்றி ஒரு மணி நேரம் நடங்கள். காய்கறிக் கடை, மருந்துக் கடை, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றை அடையாளம் வையுங்கள். விடுதியின் பெயரும் முகவரியும் அந்நாட்டு எழுத்தில் அச்சிட்ட அட்டை ஒன்றைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்; கைபேசி அணைந்துபோகும் வேளையில் அந்த அட்டைதான் உங்களை அறைக்குக் கொண்டு சேர்க்கும். இரவு உள்ளூர் நேரப்படி தூங்குங்கள்.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

இரண்டாம் நாளிலிருந்து நகரத்தைப் படிக்கலாம். எங்கிருந்து தொடங்குவது என்றால், தண்ணீரிலிருந்து என்பேன். ஆழியாற்றுத் தண்ணீர் மூலத்தறை மதகுக்கு என்று வரும், எருத்தேம்பதிக்கும் வடகரப்பதிக்கும் கடைமடை வரை எட்டுமா என்று ஆண்டுதோறும் கணக்குப் பார்த்து வாழும் நம்மைவிட இதை யார் நன்றாகக் கேட்க முடியும்? எந்த நகரமும் தண்ணீர் இல்லாமல் ஆயிரம் ஆண்டு நிலைத்ததில்லை. அந்தத் தண்ணீரை யார் கொண்டுவந்தார், எந்த வழியாகக் கொண்டுவந்தார், யாருக்குக் கொடுத்தார், யாருக்கு மறுத்தார் என்று தொடர்ந்து போனால் அரசரும் வரியும் போரும் பக்தியும் தாமே வரிசையில் வந்து நிற்கும்.

கெய்ரோவில் பிரமிடுகளுக்குப் போவதற்கு முன்பே ரோடா தீவின் தென்முனைக்குப் போங்கள். அங்கே இருப்பது நைலோமீட்டர். 861-இல் அப்பாசியக் கலீபா அல் முதவக்கில் காலத்தில் கட்டப்பட்ட ஆழமான கல் கிணறு அது. நடுவே எண்பட்டை வடிவப் பளிங்குத் தூண் நிற்கிறது. தூண் முழுவதும் முழ அளவுக் கோடுகள். நைல் ஆற்றிலிருந்து மூன்று சுரங்க வழிகள் கிணற்றுக்குள் வெவ்வேறு மட்டத்தில் திறக்கின்றன. ஆண்டு வெள்ளம் பதினாறு முழத்தை எட்டினால் விளைச்சல் நன்றாக இருக்கும்; அதற்குக் கீழே நின்றால் பஞ்சம், மிகவும் மேலே போனால் ஊர் மூழ்கும். அந்த ஆண்டின் நிலவரியை இந்தக் கோட்டைப் பார்த்தே நிர்ணயித்தார்கள். படிக்கட்டில் இறங்கி அந்தக் கோடுகளைப் பார்த்து நின்றபோது, மூலத்தறை மதகின் அளவுகோலைப் பார்த்து நிற்கும் நம் விவசாயிகளின் முகங்களே எனக்கு நினைவுக்கு வந்தன. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாட்டின் உழவர்கள் முழுவதும் இந்த ஒரு தூணின் செய்திக்காகக் காத்திருந்தார்கள். அஸ்வான் உயரணை 1970-இல் கட்டி முடிக்கப்பட்ட பின் நைலில் ஆண்டு வெள்ளம் நின்றுபோனது, தூணுக்கும் வேலை இல்லாமல் போனது. பரம்பிக்குளம்–ஆழியாறு நதிநீர் ஒப்பந்தம் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே கையெழுத்தானதும் அதே 1970-இல்தான். இவ்விரண்டு செய்திகளையும் என் குறிப்பேட்டில் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

அங்கிருந்து பழைய கெய்ரோவின் அல் முயிஸ் தெருவுக்குப் போனால், 1744-இல் அப்துர் ரஹ்மான் கத்குதா கட்டிய சபீல் ஒன்றைக் காணலாம். கீழ்த்தளத்தில் வழிப்போக்கர்களுக்கு இலவசத் தண்ணீர், மேல்தளத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளி. தண்ணீரும் எழுத்தும் ஒரே கட்டடத்தில் தருமமாகக் கொடுக்கப்பட்டன. இந்த இடத்தில் அவசரப்பட்டு ஒரு படம் எடுத்துவிட்டு நகர்கிறவர்களை நான் ஒருபோதும் புரிந்துகொண்டதில்லை. குறைந்தது அரை மணி நேரம் எதிரே உட்காருங்கள்.

ரோமில் தண்ணீரைத் தொடர்வது எளிது. ரோமானியத் தளபதி அக்ரிப்பா கி.மு. 19-இல் அக்வா விர்கோ என்ற நீர்வழியைக் கட்டினார். பெரும்பகுதி நிலத்தடியில் ஏறத்தாழ 21 கிலோமீட்டர் ஓடி வந்த வழி அது. இன்று உலகமே படமெடுக்கும் திரேவி நீரூற்று 1762-இல் கட்டி முடிக்கப்பட்டது என்றாலும், அதில் விழுவது அந்தப் பழைய வழியின் தண்ணீர்தான். நீரூற்றைப் பார்த்த கையோடு சற்றுத் தள்ளி த்ரித்தோனே தெருவில் உள்ள ரினாசென்டே என்ற பெரிய கடையின் கீழ்த்தளத்துக்கு இறங்குங்கள். துணிமணிகளுக்கும் சமையல் பாத்திரங்களுக்கும் நடுவே அதே நீர்வழியின் வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. பார்க்கக் கட்டணம் கிடையாது. தெருவெங்கும் நசோனே எனப்படும் வார்ப்பிரும்புக் குழாய்கள் ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு உண்டு, இரவும் பகலும் நல்ல குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் பீறிட்டு வரும், அப்படியே குடிக்கலாம். ஒரு காலிப் பாட்டில் போதும், தண்ணீருக்கு ஒரு காசும் செலவழிக்க வேண்டியதில்லை.

ரோமில் நான் யாரையும் தவறாமல் அனுப்பும் இடம் புனித கிளெமென்ட் தேவாலயம். மேலே இருப்பது 12-ஆம் நூற்றாண்டுக் கோயில். படியிறங்கினால் அதன் அடியில் 4-ஆம் நூற்றாண்டுக் கோயில். அதற்கும் கீழே முதல் நூற்றாண்டுக் கட்டடங்களும் மித்ரா என்ற தெய்வத்துக்கான சிறு குகைக் கோயிலும் இருக்கின்றன. 1857-இல் அங்கிருந்த ஜோசப் முல்லூலி என்ற துறவி தோண்டத் தொடங்கிய பிறகே கீழடுக்குகள் வெளிப்பட்டன. அடித்தளத்தில் நின்றால் சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் ஓசை தெளிவாகக் கேட்கும். நகரம் அடுக்கடுக்கானது என்று புத்தகத்தில் படித்தவருக்கு அந்தப் படிக்கட்டு அதைக் காலாலேயே உணர்த்திவிடும்.

இஸ்தான்புலில் வாலன்ஸ் நீர்ப்பாலத்தை முதலில் பாருங்கள். 4-ஆம் நூற்றாண்டில் கட்டி முடிக்கப்பட்ட அதன் வளைவுகளுக்கு அடியில் இன்று அதாதுர்க் பெருஞ்சாலையின் வாகனங்கள் போகின்றன. திரேஸ் மலைகளிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கால்வாய்களில் வந்த தண்ணீர் அந்தப் பாலத்தின் மேல் நகருக்குள் நுழைந்தது. பிறகு நிலத்தடிக்கு இறங்கி, ஜஸ்டினியன் பேரரசர் 6-ஆம் நூற்றாண்டில் கட்டிய பசிலிக்கா நீர்த்தொட்டிக்குள் போங்கள். 336 தூண்கள், ஒவ்வொன்றும் ஒன்பது மீட்டர் உயரம். பல தூண்கள் இடிந்த வேறு கட்டடங்களிலிருந்து எடுத்து வரப்பட்டவை. இந்தத் தொட்டியை நகரமே மறந்துபோயிருந்தது. 1540-களில் வந்த பெத்ருஸ் கில்லியுஸ் என்ற பிரெஞ்சு அறிஞர், மக்கள் தம் வீட்டுத் தரையில் உள்ள துளை வழியாக வாளியை இறக்கித் தண்ணீர் இறைப்பதையும் மீன் பிடிப்பதையும் கண்டு, விசாரித்துக் கீழே இறங்கினார். அறிஞர் ஒருவர் புத்தகத்தை மூடிவிட்டு, தண்ணீர் இறைப்பவரிடம் போய்க் கேட்டதால் கிடைத்த செய்தி இது. நீங்களும் அதையே செய்யுங்கள்.

தண்ணீர் எப்போதும் நன்மையை மட்டும் கொண்டுவந்ததில்லை என்பதைப் புகாராவில் அறியலாம். அங்கே ஊர் முழுவதும் ஹவுஸ் எனப்படும் படிக்கட்டுக் குளங்கள் இருந்தன. அவற்றின் தண்ணீரால் நரம்புச்சிலந்தி நோய் பரவியதால் 1920, 1930-களில் சோவியத் ஆட்சியினர் பெரும்பாலான குளங்களை வற்றச் செய்து மூடினார்கள். 1620-ஐ ஒட்டி அமைந்த லபி ஹவுஸ் இன்றும் மல்பெரி மரங்களின் நிழலில் நிற்கிறது. மாலையில் அதன் கரையில் தேநீர் அருந்துங்கள், அழகாக இருக்கும். அதோடு, மூடப்பட்ட குளங்கள் எங்கே இருந்தன என்றும் உள்ளூர் முதியவர்களிடம் கேளுங்கள்; பழைய நகரத்தை நேசிப்பவருக்கு அதன் நோயும் தெரிந்திருக்க வேண்டும்.

மதில், சந்தை, வழிபாட்டிடம்

அடுத்தது மதில். இஸ்தான்புலின் தியோடோசியஸ் மதில் 413-இல் கட்டி முடிக்கப்பட்டது; அது நகருக்குக் கிடைத்தபின் ஆயிரம் ஆண்டுகள் பகைவரைத் தடுத்து, 1453 மே 29 அன்று ஒட்டோமானியரின் பீரங்கிக்கு வழிவிட்டது. மதிலின் தென்கோடியில் எடிகுலே பகுதியில் நடப்பதையே நான் பரிந்துரைப்பேன். அங்கே மதிலின் அடியிலும் பழைய அகழியிலும் காய்கறித் தோட்டங்கள் இருக்கின்றன. எடிகுலேயின் கீரைக்கோசு (லெட்டூஸ்) அந்த நகரத்தில் பெயர் பெற்றது. பாத்தி கட்டித் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், நான் வாய்க்காலைக் குனிந்து பார்த்த விதத்திலிருந்தே விவசாயக் குடும்பத்தவன் என்று புரிந்துகொண்டு, மண்ணை அள்ளிக் கையில் கொடுத்தார். எங்களுக்குள் பொதுவான மொழி ஒன்றும் இல்லை, தேவைப்படவும் இல்லை. நகர விரிவாக்கம் அந்தத் தோட்டங்களை நெருக்கிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. இருக்கும்போதே போய்ப் பாருங்கள்.

சந்தைக்குக் காலையிலேயே போங்கள். இஸ்தான்புலின் பெரிய மூடுசந்தை ஞாயிற்றுக்கிழமை திறக்காது. சமர்க்கந்தின் சியாப் சந்தையில் ரொட்டிக்காரர்களின் வரிசையைப் பார்த்துவிட்டு, அருகில் உள்ள பீபி கானும் பள்ளிவாசலுக்கு நடக்கலாம். வாங்குவதற்கு முன் மூன்று கடைகளில் விலை கேளுங்கள். பேரம் பேசும்போது சிரித்த முகமாக இருங்கள். விலை படிந்துவிட்டால் வாங்காமல் போகாதீர்கள்.

வழிபாட்டிடங்களில் தோளும் முழங்காலும் மறையும் உடை கட்டாயம். பள்ளிவாசலில் பெண்களுக்குத் தலையில் துணி வேண்டும். நம் வேட்டிக்கும் சேலைக்கும் எங்கும் தடையில்லை, மரியாதையே உண்டு. ஹாகியா சோபியா 537-இல் தேவாலயமாக முடிந்து, 1453-இல் பள்ளிவாசலாகி, 1930-களில் அருங்காட்சியகமாகி, 2020-இல் மீண்டும் பள்ளிவாசலானது. இப்போது வெளிநாட்டார் கட்டணம் செலுத்தி மேல்மாடத்துக்கு மட்டும் போக முடியும். அந்த மாடத்துக் கைப்பிடிப் பளிங்கில், வடதிசையிலிருந்து கூலிப் படைவீரராக வந்த வைக்கிங் ஒருவர் கீறிய எழுத்துகளைத் தேடிப் பாருங்கள். ஒரு மதத்தார் மற்றொரு மதத்தாரின் கட்டடத்தை எடுத்துக்கொண்ட வரலாறு பல நகரங்களில் உண்டு. அங்கே நின்று உரக்கத் தீர்ப்புச் சொல்வது விருந்தினருக்கு அழகன்று. முதலில் யார் கட்டினார், யார் காத்தார், இன்று யார் தொழுகிறார் என்ற மூன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பணமும் உணவும்

யுபிஐ-யை நம்பிப் போகாதீர்கள். வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைப் புறப்படும் முன்பே இயக்கி வையுங்கள். இரண்டு அட்டைகளை இரண்டு இடங்களில் பிரித்து வையுங்கள். பணம் எடுக்கும் இயந்திரம் ரூபாயில் கணக்கிடவா, உள்ளூர் நாணயத்தில் கணக்கிடவா என்று கேட்டால் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் மாற்று விகிதத்தில் நட்டம் வரும். சைவம் உண்பவர்களுக்குக் கெய்ரோ வசதியான ஊர். கொஷரி என்ற அரிசி–பருப்பு–மக்ரோனிக் கலவையும் அவரையில் செய்த ஃபூலும் தெருவெங்கும் மலிவாகக் கிடைக்கும். சமர்க்கந்தில் சைவம் கடினம். ரொட்டி, தயிர், பழம், தக்காளி வைத்து ஒப்பேற்ற வேண்டும். ஊறுகாயும் பருப்புப் பொடியும் சிறு பொட்டலமாக எடுத்துப் போகலாம், ஆனால் தின்பண்டங்களை விமான நிலையச் சுங்கத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ரோமில் கொலோசியத்துக்கு முன்கூட்டியே இணையத்தில் சீட்டு எடுக்க வேண்டும், சீட்டில் பெயர் அச்சிடப்படும், கடவுச்சீட்டையும் கேட்பார்கள். அரசு அருங்காட்சியகங்கள் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். அன்று கூட்டமும் மிகுதி. பல நாடுகளில் திங்கட்கிழமை அருங்காட்சியக விடுமுறை, இஸ்தான்புலின் டாப்காப்பி அரண்மனைக்குச் செவ்வாய் விடுமுறை.

அன்றன்று எழுதுங்கள்

கைபேசியில் ஆயிரம் படம் எடுத்தவர் திரும்பி வந்ததும் அவற்றைப் பார்ப்பதேயில்லை. கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றும் பேனா இரண்டும் எடுத்துப் போங்கள். ஒவ்வோர் இரவும் தூங்கும் முன் ஒரு பக்கம் போதும். முதலில் தேதி, வெயிலா மழையா, எந்தத் தெருக்களில் நடந்தோம் என்பது. அடுத்து கண்ணும் காதும் மூக்கும் கண்டுகொண்டவை. கருத்தும் தீர்ப்பும் கடைசியில் இரண்டு வரி மட்டும். அழகாக இருந்தது, பிரமிப்பாக இருந்தது என்று எழுதுவதை விட்டுவிட்டு, தூண் எத்தனை அடி, கல் என்ன நிறம், அதைத் துடைத்துக்கொண்டிருந்தவர் என்ன உடுத்தியிருந்தார் என்று எழுதினால், பல ஆண்டு கழித்துப் படிக்கும்போதும் அந்த இடம் திரும்ப எழுந்து நிற்கும். கட்டடத்தைப் படமெடுக்கும்போது அருகில் உள்ள விளக்கப் பலகையையும் ஒரு படம் எடுங்கள். பெயரும் ஆண்டும் பிறகு குழம்பாது. மனிதர்களைப் படமெடுக்கும் முன் கையசைத்தாவது அனுமதி கேளுங்கள்.

ஊர் திரும்பிய ஒரு வாரத்துக்குள், களைப்பு நீங்கியதும் நினைவு மங்கும் முன், குறிப்புகளை ஒரு கட்டுரையாக எழுதிவிடுங்கள். ஆண்டுகளையும் பெயர்களையும் நூலகத்தில் சரிபாருங்கள். கேரளத்தின் சிற்றூர்களில் எல்லாம் வாசகசாலைகள் இருப்பது நமக்குப் பெரிய பேறு. ஒரு மாலையில் அங்கே படித்துக் காட்டி, படி ஒன்றைத் தமிழ் அலமாரியில் வைத்துவிட்டு வாருங்கள். கடைசிப் பக்கத்தில் விசாவுக்கு விண்ணப்பித்த நாள், அது கிடைத்த நாள், தங்கிய பகுதி, நுழைவுக் கட்டணங்கள், பேருந்து எண்கள் ஆகியவற்றை மாதமும் ஆண்டும் குறிப்பிட்டு எழுதுங்கள். உங்களுக்கு அடுத்துப் போகிறவர் முதலில் திருப்பிப் பார்ப்பது அந்தப் பக்கமாகத்தான் இருக்கும்.